சொந்த ஊசி

ஆவுடைச்செல்வியின் கிட்னி அவளைவிட நன்றாக வாழ்ந்தது.

அது சிங்கப்பூர் பார்த்தது. காசிக்குப் போய்க் கங்கையில் முங்கி எழுந்தது. அதற்காகத் தண்ணீர் கொதித்து ஆறியது. அதற்காக வீடே உப்பைக் குறைத்துச் சாப்பிட்டது. ஆவணி பிறந்தால் அதற்குப் பிறந்தநாள் வேறு. பாளையங்கோட்டை பேக்கரிக்காரர் அவரைக்கொட்டை வடிவத்தில் கேக் செய்து அனுப்புவார். அதை வெட்டுபவர் ஆவுடையின் கணவர் காந்திமதிநாதன். கிட்னி அவருடைய வலது அடிவயிற்றில்தான் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் ஆவுடை கொடுத்தது.

கொடுத்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆவுடைக்கு மட்டும் அந்தச் சொல்லில் ஒரு சின்ன நெருடல் உண்டு. நாதனின் குடும்பத்தில் கிட்னியில் நீர்க்கட்டி வரும் வியாதி பரம்பரையாக ஓடியது. அதனால் உடன்பிறந்தவர்கள் கொடுக்க வழியில்லை. "ஆவுடை குடுப்பா" என்று மாமியார் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். ஆவுடை பக்கத்தில்தான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அனுமதி தரும் கமிட்டியில் ஓர் அம்மாள், "மனசாரத்தான் குடுக்கீங்களா?" என்று கேட்டாள். ஆவுடை "ஆமா" என்றாள். கேள்வி வந்த வேகத்திலேயே பதில் போய்விட்டது. அந்தப் பதிலுக்குப் பின்னால் மனது வந்து சேர்ந்ததா இல்லையா என்பதை அவள் இன்றுவரை திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். சில நாள் வந்து சேர்ந்தது போலிருக்கும். சில நாள் தெரு வெறிச்சென்று கிடக்கும்.

நாதனின் யோகம், அவருக்கு மாற்று கிட்னி வைத்த வருடம்தான் சொந்த ஊசியும் வந்தது. அதற்கு மருத்துவத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் வைத்த பெயர் சொந்த ஊசி. அதைப் பற்றி நாதன் மேடை மேடையாகப் பேசினார். பொதுப்பணித்துறையில் என்ஜினியராக இருந்தவர். எதையும் கட்டடமாக்கித்தான் விளக்குவார்.

"மாத்துக் கிட்னி ஏன் பத்துப் பன்னெண்டு வருசத்துல படுத்துருது? நம்ம ரத்தத்துல ஆன்டிபாடின்னு ஒரு போலீஸ்காரன் இருக்கான். அவன் கிட்னியோட ரத்தக்குழாய்க்குள்ள போயி, உள்பூச்சைத் தொட்டுப் பாக்கான். ‘இது வெளியூர்ப் பூச்சுல்லா!’ அடி, உதை, எல்லாம் போச்சு. இந்த ஊசி என்ன செய்யுது? நம்ம எலும்பு மஜ்ஜையிலேர்ந்து செல்லை எடுத்து வளத்து, மாசத்துக்கு ஒருக்க உள்ள அனுப்புது. பழைய பூச்சு உதிர உதிர நம்ம பூச்சு ஒட்டிக்கிடும். பத்து வருசம் கழிச்சு அதே போலீஸ்காரன் வந்தா, ‘அட, நம்ம ஆளு’ன்னு சல்யூட் அடிச்சிட்டுப் போயிருவான்."

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்துவார். "எம் பொஞ்சாதி எனக்குள்ள இருக்கா." கைதட்டல். முன்வரிசையில் ஆவுடை எழுந்து கும்பிட்டுவிட்டு உட்காருவாள்.

நல்ல மனுஷன். குடி கிடையாது, சந்தேகம் கிடையாது. அவர் பேசும்போது குறுக்கே பேசினால் மட்டும் முகம் சுண்டிப்போகும். அதனால் ஆவுடை குறுக்கே பேசியதில்லை. கல்யாணமான நாளிலிருந்தே பேசியதில்லை.

பிறகு ரத்தக் கொதிப்பு வந்து, அவளிடம் மிச்சமிருந்த ஒன்றும் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கவேண்டும். பக்கத்து நாற்காலியில் நாதனின் தங்கை பகவதி. பரம்பரை வியாதி அவளையும் பிடித்திருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சேர்ந்து உட்காராத நாத்தனாரும் மதினியும் இப்போது ரத்தம் சுற்றும் மெஷின் பக்கத்தில் மணிக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்க குடுத்துவச்ச மகராசி மதினி" என்பாள் பகவதி. "உங்களுக்கு ஒண்ணு எங்கண்ணன்கிட்ட பத்திரமா இருக்கு. நான் யாருகிட்டப் போயி நிக்க?"

"அவுக இருக்கையிலே அது எப்படி எனக்கு வரும்?"

"ஐயோ, நான் அப்படியா சொன்னேன்? எங்கண்ணன் நூறு வயசு இருக்கணும்." வாயில் தானே இரண்டு போட்டுக்கொள்வாள். "ஆனாலும் மதினி, அதுக்குள்ள இப்ப ஓடுறது எங்க ரத்தம், பாத்துக்கிடுங்க."

பகவதி சொன்ன பத்திரம் சட்டத்தில் இருந்தது. சொந்த ஊசி போட்ட கிட்னிகள், வைத்திருந்த ஆட்களைவிட அதிகம் உழைத்தன. ஆள் போன பிறகும் அவை புத்தம் புதிதாக இருந்தன. அதனால் முதலுரிமை என்று ஒரு சட்டம் வந்தது. கிட்னியை வாங்கியவர் இறந்தால், கொடுத்தவருக்குத்தான் அது முதலில். நாதனுக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. "உன் பொருளு ஆவுடை. நான் சும்மா வச்சிருக்கேன்" என்று வயிற்றைத் தட்டிக்காட்டுவார். அவர் இருமினால் ஆவுடையின் மனது ஒரு நொடி எழுந்து உட்காரும். உடனே அதை அதட்டிப் படுக்கவைப்பாள். இதை அவள் சாமியிடம்கூடச் சொன்னதில்லை.

டயாலிசிஸ் பார்த்த டாக்டர் ஷெரின் நாகர்கோவில் பெண். வயது குறைவு, பொறுமை அதிகம். ஒரு நாள் ஆவுடையின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு சின்ன டெஸ்ட் எடுத்து வெச்சுக்கலாமா? உங்க ரத்தத்துக்கும் சார்கிட்ட இருக்கிற கிட்னிக்கும் ஒத்துப்போகுதான்னு."

"என் கிட்னி எனக்கு ஒத்துக்கிடாமப் போயிருமா டாக்டரம்மா?"

"போகாதுதான். எடுத்து வெச்சா பாதகம் இல்லையே."

"கழுத்துல தாலியைப் போட்டுக்கிட்டு அந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுதியளா? அவுக எப்பப் போவாகன்னு நாள் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரில்லா இருக்கு!"

"அதானே! கேக்கவே நல்லால்ல" என்றாள் பகவதி பக்கத்து நாற்காலியிலிருந்து.

"சரி, கிட்னிக்குக் காத்திருக்கிற பொது வரிசையிலயாவது பேரைப் பதிஞ்சு வெய்ங்க."

"எனக்குத்தான் இருக்கே. இல்லாதவங்க இடத்தை நான் என்னத்துக்கு அடைக்க?" என்றாள் ஆவுடை. சொல்லும்போது தன் குரலில் நாதனின் மேடைக்குரல் கொஞ்சம் கலந்திருப்பதை அவளே கேட்டாள்.

நாதன் மேடையில்தான் விழுந்தார். உடல் உறுப்பு தான விழிப்புணர்வுக் கூட்டம். "எம் பொஞ்சாதி எனக்குள்ள" என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் சிலர் கைதட்டியும்விட்டார்கள். அந்தப் பரம்பரை வியாதி கிட்னியோடு நிற்பதில்லை, மூளையின் ரத்தக்குழாயிலும் கைவைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குழாய் வெடித்துவிட்டது. மறுநாள் காலை மூளைச்சாவு என்றார்கள். மெஷின் மூச்சு விட்டது. கிட்னி மட்டும் எதுவும் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த டெஸ்டை எடுத்தார்கள்.

மத்தியானம் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டாள் ஷெரின். ஆவுடையும் மகள் யாழினியும் போனார்கள். மகன் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. யாரும் கூப்பிடாமல் பகவதியும் வந்தாள்.

"கிட்னி அருமையா இருக்கும்மா. ஆனா உங்களுக்கு வெச்சா உங்க ரத்தம் அதை அடிச்சிரும்."

யாழினிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "அது அம்மாவோடதுதான டாக்டர்? வேற யாரோடதையும் மாத்திப் பாத்துட்டீங்களா?"

"திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். சுவர் அம்மாவோடதுதான். உள்பூச்சு பூரா உங்க அப்பாவோடது. இத்தனை வருஷமா ஊசி போட்டிருக்கார்ல? ரத்தம் தொடுறது பூச்சைத்தான். தொட்டா, உங்க அப்பான்னுதான் நினைக்கும்."

"நினைச்சா என்ன?"

ஷெரின் ஆவுடையைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அம்மாவோட ரத்தத்துல அப்பாவுக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கு. நிறைய இருக்கு. நான் இவ்வளவு பாத்ததில்ல."

பகவதி மதினியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்படி வந்துச்சு?" என்றாள் ஆவுடை. திருட்டுப்பொருள் தன் பெட்டியில் கிடைத்துவிட்டது போல அவளுக்கு முகம் சுட்டது. "அவுக ரத்தம் எனக்கு ஏத்தினதே இல்லையே."

"பிள்ளை பெத்தா வரும்மா. பிள்ளை பாதி அப்பாதானே. பத்து மாசம் உங்க உடம்பு அந்தப் பாதியைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. பிள்ளையை ஒண்ணும் செய்யல. அப்பாவோட அடையாளத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிச்சு. எல்லாருக்கும் இப்படி வராது. உங்களுக்கு ரெண்டு பிள்ளைக்கும் சேத்து வந்திருக்கு."

"அப்ப நான்தான் காரணமா?" யாழினிக்கு அழுகை முட்டியது. உடனே கோபமும் வந்தது. "அப்ப அம்மாவோடது மட்டும் அப்பாவுக்கு எப்படிச் சேந்துச்சாம்?"

"அவர் பிள்ளை பெறலையே" என்றாள் ஷெரின்.

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் பக்கத்து அறையில் மெஷினில் கிடக்கும்போது வரக்கூடாத சிரிப்பு. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாழினி தோளில் கை வைத்தாள்.

சிரிப்பு போன இடத்தில் என்ன இருக்கிறது என்று ஆவுடை பார்த்தாள். பயம் இருந்தது. இனி எத்தனை நாள் இந்த மெஷினோடு என்ற பயம். அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. தன்னை ஒரு வழவழப்பான ஆள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். எதுவும் ஒட்டாது, எதுவும் கீறாது. அவர் வேலையை விடச் சொன்னபோது விட்டாள். மகனுக்கு அவள் நினைத்த பெயர் வேண்டாமென்றபோது சரி என்றாள். அதெல்லாம் வருத்தமாகக்கூடத் தங்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தாள். உள்ளே ஒருத்தி தங்கியிருந்திருக்கிறாள். ஆவுடை கும்பிட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றபோதெல்லாம், அந்த ஒருத்தி ரத்தத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு, இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று நின்றிருக்கிறாள்.

"அப்போ யாருக்குத்தான் அது சேரும்?" பகவதியின் குரல் மெதுவாக வந்தது.

ஷெரின் பகவதியைப் பார்த்தாள். "உங்களுக்கு. அண்ணனும் நீங்களும் அச்சா ஒண்ணு."

"நான் அப்பவே சொன்னேம்லா, எங்க ரத்தம்னு!" என்று துள்ளிய பகவதி, உடனே அண்ணன் ஞாபகம் வந்து ஓவென்று அழுதாள். இரண்டும் நிஜம்தான் என்று ஆவுடைக்குத் தோன்றியது.

ஷெரின் நாற்காலியை ஆவுடையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "முடிவு உங்க கையிலதாம்மா. முதலுரிமை உங்களோடது. வேணும்னா, ரத்தத்தைச் சலிச்சு ஆன்டிபாடியை எடுத்துட்டு வெச்சுப் பாக்கலாம். ஒரு வருஷம் ஓடலாம், ஒரு மாசத்துலயும் நிக்கலாம். ஆன்டிபாடி திரும்பி வந்துரும். இல்லைன்னா விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தவங்களுக்குப் பொது வரிசையில முதல் இடம். ஆனா முதல் இடம்னாலும் உங்க ரத்தத்துக்கு ஒத்தது வரணும். எப்ப வரும்னு என்னால சொல்லமுடியாது. வராமலும் போகலாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

"அம்மா குடுப்பாங்க அத்தை. அழாதீங்க" என்றாள் யாழினி.

ஆவுடை மகளைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல பிள்ளை. எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று கேட்கவேண்டியதில்லை.

நாதனை வைத்திருந்த அறைக்குள் தனியாகப் போனாள். அவர் மார்பு ஒரே அளவில் ஏறி இறங்கியது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப்பை பொன்னிறமாக நிறைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னுடையது, என்னுடையது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ஒரு மாதமோ ஒரு வருடமோ, இதை வாங்கிக்கொண்டால் வாரம் மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். வாய் நிறையத் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அதற்காக, உள்ளே நிற்கிற அந்த ஒருத்தியை முதலில் சலித்து வெளியே கொட்டவேண்டும். அவள் ஒருத்திதான் இந்த வீட்டில் ஆவுடைக்காகப் பேசியவள்.

நாதனின் கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல்முறை. முகம் சுண்டவில்லை. அதற்காகவும் கொஞ்சம் அழுதாள்.

வெளியே வந்து, "பகவதிக்கே வெய்ங்க" என்றாள்.

அதற்கப்புறம் நடந்தது திருவிழா. பகவதி நடைபாதையிலேயே காலில் விழுந்தாள். "நீங்க மனுசி இல்ல மதினி, தெய்வம்!" சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். அன்றைக்குக் கணவனுக்கு, இன்றைக்கு நாத்தனாருக்கு என்று யாரோ செல்போனில் பேசிப் பதிவுசெய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து, தியாகச் செம்மல் என்று ஒரு கேடயம் கொடுக்கும் பழக்கம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் ஷெரின் கேட்டாள். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"

"இல்ல டாக்டரம்மா. விட்டுக்குடுத்தேன்னு எல்லாரும் சொல்லுதாக. அப்படி ஒண்ணும் இல்ல. எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சு. அம்புட்டுதான்."

ஷெரின் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "இதை என்கிட்ட சொன்னீங்க, சரி. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. விட்டுக்கொடுத்தாத்தான் வரிசையில முதல் இடம். வேண்டாம்னு சொன்னா கடைசி."

ஆவுடை யோசித்தாள். முதல் தடவை தியாகி என்று பெயர் வந்தபோது அதோடு ஒரு பட்டுச்சேலை வந்தது, அவ்வளவுதான்.

"அப்ப விட்டுக்குடுத்ததாவே இருக்கட்டும்" என்றாள்.

பகவதி தேறிவிட்டாள். சொந்த ஊசிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. அடுத்த ஆவணியில் கேக்கை அவள்தான் வெட்டினாள். முதல் துண்டை மதினிக்கு ஊட்டினாள். ஆவுடை அப்போதும் டயாலிசிஸில்தான் இருந்தாள். வரிசையின் முதல் இடத்தில் அவள் நின்றாள். ஒத்தது ஒன்று மட்டும் வரவில்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடி, இரண்டு முறையும் திரும்பி வந்தாள். உடம்பு வற்றியது. ஒரு நாள் படியேற முடியாமல் உட்கார்ந்தவள், எல்லாம் இந்தத் திமிர் பிடித்த ரத்தத்தால்தானே என்று முதன்முதலாக அதைத் திட்டினாள்.

பங்குனியில் வந்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் ஸ்கூட்டரில் போன ஒரு பெண், தலையில் அடிபட்டு இறந்துபோனாள். வயது இருபத்தாறு. அவளுடைய கிட்னி ஆவுடைக்கு ஒத்துப்போனது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ஆவுடை முதலில் கேட்டது தண்ணீர். குடிக்கலாம் என்று சொன்ன அன்று ஒரு செம்பு நிறையக் குடித்தாள். அவ்வளவு ருசியான ஒன்றை அவள் சாப்பிட்டதே இல்லை.

சொந்த ஊசி போடத் தொடங்கவேண்டிய நாளில், ஷெரின் ஊசியை எடுத்து, போடாமல் மேஜைமேல் வைத்தாள்.

"என்ன டாக்டரம்மா?"

"அந்தப் பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரிக்குப் பேசினாங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல, கேக்கத்தான் செய்றாங்க. ஊசியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமான்னு. ஊசி போட்டா மகளோட அடையாளம் அழிஞ்சிரும்னு அவங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. ஒரு வருஷமாவது அது அவளாவே இருக்கட்டும்னு ஒரே அழுகை."

ஆவுடை ஜன்னலைப் பார்த்தாள். அந்தத் தாய் கேட்பது என்னவென்று இந்த ஜில்லாவிலேயே தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது என்று தோன்றியது. அடிவயிற்றில் கையை வைத்தாள். தையல் ஆறிய இடம் மெல்லச் சூடாக இருந்தது. உள்ளே ஒரு சின்னப்பெண், புது இடத்தில், யாரையும் தெரியாமல்.

"தள்ளிப்போட்டா எனக்கு ஆபத்தா?"

"மாத்திரையில ஓட்டலாம். பெரிய ஆபத்துன்னு சொல்லமாட்டேன். ஆனா உங்க ரத்தம் முரட்டு ரத்தம்."

"போட்டா, முழுசா என்னோடதா ஆக எவ்வளவு நாள் ஆகும்?"

"பத்து வருஷம்."

"சீக்கிரமா ஆக வழி இல்லையா?"

ஷெரின் நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடை அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டாள். வெட்கம் வருகிறதா என்று தனக்குள் தேடினாள். வரவில்லை. தாகம்தான் ஞாபகம் வந்தது.

"அந்தம்மாவுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

ஆவுடை ஜாக்கெட்டின் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"கவலையே படவேண்டாம்னு சொல்லுங்க" என்று புஜத்தை நீட்டினாள். "எங்க வீட்டுப் பிள்ளையா வச்சுப் பாத்துக்கிடுதோம்னு சொல்லுங்க."